முதல் குரூப்பில் இருப்பதா, மாறுவதா? தீபாவளிக்குள் ஒரு முடிவு

அக்காள் மகள் பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 90க்கு 27 வாங்கி வந்தாள். சேலம் அம்மாபேட்டையில் அவர்கள் வீட்டில் அன்று மாலை வாங்கி வைத்த தட்டுவடை செட்டை யாரும் தொடவில்லை. சட்னி ஊறி நமத்துப்போனது. மறுநாள் பள்ளியில் அழைத்துப் பேசியிருக்கிறார்கள். குரூப் மாற்றுவதென்றால் தீபாவளிக்குள் சொல்லிவிட வேண்டுமாம். எங்கள் குடும்பத்தில் முதல் குரூப்பில் சேர்ந்து பாதியில் ஓடி வந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதத்தை மட்டும் தனியாகக் கழற்றிவிட முடியாது. குரூப்பையே மாற்ற வேண்டும். பிளஸ் ஒன்னில் எடுத்ததுதான் பிளஸ் டூவிலும் தொடரும். அவள் இப்போது இருப்பது முதல் குரூப், அதாவது உயிரியல்–கணிதப் பிரிவு. முன்னால் நான்கு வழிகள்: இருக்கிற இடத்திலேயே இருப்பது, ப்யூர் சயின்ஸுக்கு மாறுவது, வணிகவியலுக்குப் போவது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடுத்த ஆண்டு பாலிடெக்னிக்கில் சேர்வது.

கடைசி வழியை முதலில் முடித்துவிடுகிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே பாலிடெக்னிக்கில் சேரலாம். மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தவருக்குப் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டு கிடைக்கும். ஜங்ஷன் பக்கம் இருக்கும் தியாகராசர் பாலிடெக்னிக் 1958இல் தொடங்கியது. அங்கே படித்துவிட்டு நல்ல வேலையில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அங்கும் முதலாண்டிலேயே கணிதத் தாள் உண்டு. கணக்குக்குப் பயந்து போகிறவளுக்கு அது ஒதுங்க இடம் தராது. ஓர் ஆண்டும் வீணாகும்.

ப்யூர் சயின்ஸ் சின்ன மாற்றம்போலத் தெரியும். இயற்பியலும் வேதியியலும் அப்படியே இருக்கும். கணிதமும் உயிரியலும் போய், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக வரும். ஆனால் பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் பாடத்திலேயே வெக்டரும் வகையிடலும் வந்து நிற்கின்றன. அங்கே கணித ஆசிரியர் இருக்க மாட்டார். இயற்பியல் ஆசிரியர் இரண்டு வகுப்பில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சரி, பதிலுக்கு என்ன கிடைக்கிறது? நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியல் 360, இயற்பியல் 180, வேதியியல் 180. அதை உயிரியல்–கணிதத்தில் இருப்பவரும் எழுதலாம். ஆகவே மாறுவதால் புதிதாக ஒரு கதவும் திறப்பதில்லை. பொறியியலும் கட்டடக்கலையும் மூடிக்கொள்கின்றன. மருத்துவம்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு மிச்சமாகும் நேரம் பெரிது. இவளோ தடுப்பூசி போடும்போதே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறவள். பழைய நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் வீட்டுத் திட்டம் வரைகிறாள், மாடிப்படிக்குக்கூட அளவு போட்டு. கட்டடக்கலைக்குக் கணிதம் கட்டாயம்.

வணிகவியலைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் சொந்தப் பாசம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள். 1996இல், மதிப்பெண் 1200க்கு இருந்த காலத்தில், நான் ஆகஸ்ட் மாதம் மாறினேன். புதிய வகுப்பில் எல்லோரும் பேரேடு எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்பதே தெரியாது. ஆனாலும் பிடித்துவிட்டேன். கணக்குப்பதிவியலுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து எதையும் சுமந்து வரத் தேவையில்லை. எல்லோருக்கும் பூஜ்யத்திலிருந்துதான் தொடக்கம், நான் இரண்டு மாதம் பின்னால் இருந்தேன், அவ்வளவுதான். இன்று செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிச் சாப்பிடுகிறேன். வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால், அன்று நான் பயந்தது அந்தக் கணித ஆசிரியருக்கு. அவர் மறு ஆண்டே மாற்றலாகிப் போய்விட்டார்.

வணிகவியலிலும் இரண்டு பாதைகள் உண்டு. பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் ஆகியவற்றோடு கணினிப் பயன்பாடுகளை எடுத்தால் கணிதம் அறவே இல்லை. வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுத்தால் அணிகள், முக்கோணவியல், வகையிடல் எல்லாம் மெலிந்த வடிவில் திரும்பி வரும். கூடவே வட்டி, ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பது) என்று அன்றாடத்துக்கு அருகில் இருப்பவையும் வரும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பட்டயக் கணக்காளர் ஆவதற்கான முதல்கட்டத் தேர்வான சி.ஏ. ஃபவுண்டேஷனின் 4 தாள்களில் ஒன்று கணிதமும் தருக்கமும் புள்ளியியலும் சேர்ந்த 100 மதிப்பெண் தாள். இன்று ஓடினால் அங்கே பிடித்துக்கொள்ளும்.

இனி, இருக்கிற இடத்திலேயே இருப்பது. இதுதான் கடினமான வழி, அதை மறைத்துப் பயனில்லை. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணிதத்தில் எழுத்துத் தேர்வே 90. தாங்கிப் பிடிக்கச் செய்முறை கிடையாது. பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மற்ற இரண்டிலும் 90 வாங்கி, கணிதத்தில் 60 வாங்கினால் கட்-ஆஃப் 150தான். பாதி எடை ஒரே பாடத்தின் தலையில்.

ஆனால் 27 என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்று விடைத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன். எல்லை காணும் கணக்கு ஒன்று: மேலே எக்ஸ் வர்க்கம் கழித்தல் 9, கீழே எக்ஸ் கழித்தல் 3, எக்ஸ் 3ஐ நெருங்கும்போது மதிப்பு என்ன? விடை 6 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் முழு மதிப்பெண். அடுத்த பக்கத்தில் அதே இனத்தில் இன்னொன்று: மேலே எக்ஸ் வர்க்கம் கழித்தல் 5 எக்ஸ் கூட்டல் 6, கீழே எக்ஸ் கழித்தல் 2, எக்ஸ் 2ஐ நெருங்குகிறது. வர வேண்டியது மைனஸ் 1. அவள் எழுதியது மைனஸ் 11. பூஜ்யம்.

"எப்படிச் செய்தாய், கண்ணு?" என்றேன்.

"எக்ஸை எக்ஸால் அடித்தேன், 6ஐ 2ஆல் அடித்தேன், மாமா" என்றாள்.

முதல் கணக்கிலும் அதையேதான் செய்திருக்கிறாள். வர்க்கத்தை எக்ஸால் அடித்து, 9ஐ 3ஆல் அடித்து, எக்ஸ் கூட்டல் 3. தவறான வழியில் போய் எப்படியோ சரியான விடையில் விழுந்திருக்கிறது. காரணிப்படுத்துதல் அவளுக்கு வரவில்லை. அது ஒன்பதாம் வகுப்புப் பாடம். தாளை மேலும் புரட்டினால் விட்ட மதிப்பெண்களில் பெரும்பகுதி இந்த ஓட்டையில்தான் ஒழுகியிருந்தது. எல்லை என்றால் என்ன என்று கேட்டதற்குத் தெளிவாகவே சொன்னாள்.

புரியாத பாடமென்றால் விடலாம். பழைய ஓட்டை என்றால் அடைத்துப் பார்க்காமல் விடுவது அவசரம். 2025–26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் இந்த ஆண்டு தடுமாறினாலும் பெரிய சேதமில்லை. அதே காரணத்தால் ஒரு கெடுதலும் உண்டு: பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு பிளஸ் டூவுக்குத் தாவும் பழைய வழக்கம் திரும்பலாம், 2017–18இல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே அதைத் தடுக்கத்தான். அடித்தளம் ஆடும் பிள்ளைக்கு அந்த வேகம் ஆகாது. "மாற்றிவிடுங்கள்" என்ற யோசனை எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். அது பிள்ளையின் நன்மைக்கா, பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டுக்கா என்று அக்காளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

என் கணிப்பில், இருக்கிற இடத்திலேயே இருப்பது முதல் வழி, வணிகக் கணிதத்தோடு வணிகவியல் இரண்டாவது. ப்யூர் சயின்ஸ் இவளுக்கு வேண்டாம். தீபாவளிக்கு முன் பள்ளியில் 25 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வருகிறது. அதில் 12 வந்தால் தொடர்வது, வராவிட்டால் மறுநாளே விண்ணப்பம் கொடுத்துவிடுவது, பிறகு அழுவதில்லை என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம். அக்காள் வீட்டுக்காரர் மட்டும் 15 என்று முனகினார்.

இப்போது தம்பியின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் அவள் மேசையில் இருக்கிறது. தினமும் இரவு பத்துக் காரணிப்படுத்தல். நேற்றுப் போனபோது கேட்டாள்: "மாமா, அந்த முதல் கணக்கை நான் தப்பாகத்தான் செய்தேன் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிடட்டுமா?"

அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பற்றித் தீபாவளி கழிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.