வரவேற்புப் பக்கம்: ஃபயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் – எதன் வாயை எப்படி அடைப்பது?

பிரவுசரை முதல் தடவை திறக்கும்போது முழுப்பக்கத்துக்கு ஒரு வரவேற்பு வந்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதே வரவேற்பு தினமும் காலையில் வந்து நின்றால்தான் எரிச்சல். பலர் கைமாறி உட்காரும் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், "இவருக்கு ஏற்கெனவே காட்டியாயிற்று" என்ற குறிப்பை எந்த பிரவுசர் எங்கே எழுதி வைக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஃபயர்பாக்ஸ் தன் குறிப்பை ப்ரொஃபைலுக்குள்ளேயே, அதாவது உங்கள் புக்மார்க்குகளும் செட்டிங்ஸும் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே, வைத்துக்கொள்கிறது. முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று போட்டு, எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய், 'எம்ஸ்டோன்' (mstone) என்று தேடினால் ஒரு வரி கிடைக்கும். கடைசியாக ஓடிய பதிப்பின் எண் அதில் இருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஃபயர்பாக்ஸ் தன் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வரி காலியாக இருந்தால் வந்திருப்பவர் புது ஆள், வரவேற்புப் பக்கம் வரும். எண் மாறியிருந்தால் அப்டேட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பதிப்புக்கென்று 'புதிதாக என்ன' பக்கம் ஏதாவது தயாராக இருந்தால் அது திறக்கும். எண்ணை அழித்துவிட்டு அங்கே இக்னோர் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துவிடுங்கள். இரண்டு பக்கங்களும் நின்றுவிடும். உலாவும்போது நடுவில் தலைகாட்டும் சிபாரிசுகள் வேறு கணக்கு. அவற்றுக்கு செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியிலேயே டிக் எடுக்க இடம் இருக்கிறது.

குரோமின் ஞாபகம் இன்னும் எளிமை. யூசர் டேட்டா ஃபோல்டருக்குள் 'ஃபர்ஸ்ட் ரன்' என்று பெயர் வைத்த ஒரு வெற்றுக் கோப்பு, அவ்வளவுதான். வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வது மாதிரி, கோப்பு இருந்தால் பழைய ஆள், இல்லாவிட்டால் புதியவர். ஷார்ட்கட்டின் டார்கெட் வரியில் இரண்டு சிறு கோடு போட்டு 'நோ-ஃபர்ஸ்ட்-ரன்' என்று சேர்த்தால் இந்த விசாரணையே நடக்காது. ஆனால் அப்டேட்டுக்குப் பிறகு தானாகத் திறக்கும் 'புதிதாக என்ன' டேப்பை நிறுத்த வீட்டுப் பயனருக்கு செட்டிங்ஸில் ஒரு பொத்தானும் கிடையாது. பாலிசி, அதாவது அட்மின் பிரவுசருக்குப் போடும் கட்டுப்பாட்டு விதி, வைத்துத்தான் நிறுத்த வேண்டும். குரோம் அதிகம் பேசாது என்பது உண்மைதான். ஆனால் பேசும்போது கூகுள் கணக்கில் உள்ளே வரச் சொல்லாமல் விடாது. பொதுக் கணினியில் அதற்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி.

எட்ஜும் குரோம் ஓடும் அதே குரோமியம் அடித்தளத்தில் ஓடுவதுதான், ஆனால் பேச்சு அதிகம். 2020 ஜனவரியில் வெளிவந்த புதிய எட்ஜ், அந்த ஆண்டு விண்டோஸ் அப்டேட் வழியாகப் பரவியபோது, யாரும் கூப்பிடாமலே முழுத்திரையில் வந்து நின்றது. அந்த அதிருப்தி செய்தியாகவே வந்தது. கணக்கு, இறக்குமதி என்று திரை திரையாகக் கேட்கும். அதில் நிதானமாகப் படிக்க வேண்டியது இறக்குமதி பற்றிய திரை. ஏனென்றால் எட்ஜில், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மற்ற பிரவுசரின் தரவை எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. தாங்கள் சம்மதிக்காமலே குரோமின் டேப்கள் எட்ஜில் வந்துவிட்டன என்று சிலர் புகார் சொன்ன பிறகு, 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இந்த வசதியில் ஒரு பிழையைத் திருத்தியது. அவசரத்தில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போகக் கூடாத பிரவுசர் என்றால் மூன்றில் இதுதான்.

விநோதம் என்னவென்றால், அட்மினுக்கு மிகச் சுலபமாக அடங்குவதும் எட்ஜ்தான். 'ஹைட் ஃபர்ஸ்ட் ரன் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற ஒரே பாலிசியை இயக்கினால் முதல் நாள் சடங்கு மொத்தமும் காணாமல் போகும். ஃபயர்பாக்ஸுக்கு, அது நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் டிஸ்ட்ரிப்யூஷன் என்ற ஃபோல்டரை உண்டாக்கி பாலிசிஸ்.ஜேசன் கோப்பு எழுத வேண்டும். முதல் பக்கத்துக்கு ஒரு வரி, அப்டேட் பக்கத்துக்கு ஒரு வரி. வேலை கொஞ்சம் கூடுதல், ஆனால் எதை அடக்குகிறோம் என்று தெரிந்து அடக்கலாம். எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

இவ்வளவு செய்தும் வரவேற்பு திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் கோளாறு வரவேற்பில் இல்லை, ப்ரொஃபைல் தங்கவில்லை. மூன்று பிரவுசரும் சேர்ந்து வரவேற்றால் விண்டோஸே உங்களை, வெளியேறியதும் அழிந்துபோகும் தற்காலிக ப்ரொஃபைலில் உட்கார வைத்திருக்கலாம், அல்லது கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் போட்டிருக்கலாம். குரோமும் எட்ஜும் மட்டும் வரவேற்று ஃபயர்பாக்ஸ் அமைதியாக இருந்தால் ரோமிங் ப்ரொஃபைல் பக்கம் பாருங்கள். அந்த ஏற்பாட்டில், மென்பொருள்கள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் 'ரோமிங்' ஃபோல்டர்தான் பயனரோடு கணினிக்குக் கணினி போகும், 'லோக்கல்' போகாது. ஃபயர்பாக்ஸ் தன் ப்ரொஃபைலை வைத்திருப்பது முன்னதில், மற்ற இரண்டும் வைத்திருப்பது பின்னதில்.

ஃபயர்பாக்ஸ் மட்டும் வரவேற்று, புக்மார்க்குகளையும் காணவில்லை என்றால் பதற வேண்டாம். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, வேறு வேறு ஃபோல்டரில் நிறுவிய ஒவ்வொரு ஃபயர்பாக்ஸுக்கும் தனித்தனி ப்ரொஃபைல். வேறு இடத்தில் மறுபடி நிறுவியிருந்தால் அது காலி ப்ரொஃபைலோடு தொடங்கியிருக்கக்கூடும். அபவுட்:ப்ரொஃபைல்ஸ் பக்கத்தில் பழையது பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைத் தேர்ந்து டிஃபால்ட் ஆக்கினால் போதும்.

வீட்டில் ஒரே ஆள் பயன்படுத்தும் கணினி என்றால் பாலிசி வரை போக வேண்டியதில்லை; ஃபயர்பாக்ஸில் அந்த ஒரு வரி, குரோமில் டேப்பை மூடும் பொறுமை போதும். அதையும் மீறிப் பாலிசி போட்டால், செட்டிங்ஸில் 'இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஒரு வாசகம் வரும். வைரஸ் வந்துவிட்டது என்று வீட்டில் யாராவது பயப்படலாம். அந்த நிறுவனம் நீங்கள்தான் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.