பேரலுக்குப் பிடித்த குண்டு: கட்டுவதா, தேடுவதா, பொறுக்குவதா?

போன தை மாதம் பெரியம்மா மகன் அண்ணன் வயோமிங்கிலிருந்து வந்திருந்தார். அன்று நான் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காற்றுத் துப்பாக்கி பெல்லட்டுகளை, அதாவது சின்ன ஈயக் குண்டுகளை, ஒவ்வொன்றாக நகைக்கடைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன். "டேய், நீயும் என் கட்சிதானா?" என்று பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே அவர் தன் ரைஃபிளுக்கான தோட்டாவைத் தானே கட்டிக்கொள்பவர்.

எந்த ரைஃபிளை எடுத்தாலும் அதன் பேரலுக்கு ஒரு குண்டு பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. பிடித்ததைக் கண்டுபிடிக்க மூன்று வழி. அண்ணன் கட்டுகிறார், .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டாவைச் சுடுபவர்கள் தேடுகிறார்கள், பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்காரர்களான நாங்கள் பொறுக்குகிறோம்.

அண்ணனுடையது கே-ஹார்னெட் என்ற தோட்டா. மூலத் தோட்டாவான .22 ஹார்னெட்டை வின்செஸ்டர் நிறுவனம் 1930இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹார்னெட் என்றால் நம் ஊர்க் கதண்டு. 1940இல் லைல் கில்போர்ன் என்ற துப்பாக்கிக் கைவினைஞர், ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையை மட்டும் சற்று அகலமாகக் குடைந்தார். சாதாரண ஹார்னெட் தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால், சரிந்த பித்தளைக் கூடு அறையின் வடிவத்துக்கு உப்பி, தோள் எடுப்பாகி வெளியே வரும். அடுத்த முறை மருந்து சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். நிறுவனத் தரப்பட்டியலில் இல்லாத இப்படிப்பட்ட தனியார் தோட்டாக்களைத்தான் வைல்ட்கேட் என்கிறார்கள். கூடு, பிரைமர் (தீப்பற்ற வைக்கும் சின்ன மூடி), மருந்து, குண்டு நான்கையும் வாங்கி வீட்டிலேயே சேர்க்க வேண்டும். அங்கே மேய்ச்சல் நிலத்தைத் துளைபோடும் பிரெய்ரி நாய், ஒன்றரைச் சாண் உயரத்துக்கு எழுந்து நிற்கும் கொறிணி, அதுதான் அவர் இலக்கு.

இதில் கிடைக்கும் வேகம் கொஞ்சம்தான். அண்ணனே ஒப்புக்கொள்கிறார். கூடு அவ்வளவு சீக்கிரம் நீளாது, அதிக முறை வரும் என்பதுதான் அவர் காட்டும் கணக்கு. ஆனால் ஹார்னெட் கூட்டின் கழுத்து சன்னம். குண்டை உட்காரவைக்கும்போது கொஞ்சம் கோணினாலும் சுருங்கி மடிந்துவிடும். ஒரு மாலையில் ஏழு கூடு போச்சு என்றபோது அவர் குரலில் வருத்தத்தை விடப் பெருமைதான் கேட்டது. எல்லாமே தன் கையில் இருக்கிறது என்ற சுகம் அது.

நமக்கு அந்தச் சுகம் கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும். மொட்டைமாடி ஷெட்டில் செய்கிற வேலை இல்லை.

.22 ரிம்ஃபயரை, உரிமம் இருந்தாலும், திரும்பக் கட்டுவது நடைமுறையில் ஆகாது. தீப்பிடிக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே பரப்பப்பட்டிருக்கும். ஊசி அந்த விளிம்பைத்தான் நசுக்குகிறது. அதனால் இங்கே ஒரே வழி லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, தேடுவது. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் லாட் எண் மாறினால் குரூப், அதாவது குண்டுகள் விழும் நெருக்கம், மாறும். பெரிய ஆட்டக்காரர்கள் ரைஃபிளையே தூக்கிக்கொண்டு ஜெர்மனியில் ஷோனபெக்கில் உள்ள லாபுவா என்ற தோட்டா நிறுவனத்தின் சோதனைக்கூடம் வரை போய், பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது எட்டாக்கனி. கிளப்பில் வந்த லாட்டுதான் நம் லாட்.

சரி, பெல்லட்டுக்கு வருவோம். 4.5 மில்லிமீட்டர், ரைஃபிளுக்கான மேட்ச் (போட்டி) வகை சுமார் 0.53 கிராம். தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். நான் முதலில் பிடித்துக்கொண்டது எடையை. ஐந்நூறு பெல்லட்டை மூன்று நாள் உட்கார்ந்து கனம், நடுத்தரம், லேசு என்று பிரித்தேன். பிறகு எழும்பூரில் ரேஞ்சுக்குப் போய், ரைஃபிளை மணல் மூட்டையில் வைத்து ஒவ்வொரு குவியலிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தேன். மூன்று அட்டைகளையும் கலைத்துப் போட்டால் எது எது என்று எனக்கே தெரியவில்லை.

தலை அளவை மாற்றியபோது தெரிந்தது. 4.50இல் பத்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. 4.51இல் அதே ஓட்டை பக்கவாட்டில் வாய் பிளந்தது. என் பேரலுக்கு அது, உங்களுடையதற்கு வேறாக இருக்கலாம்.

இதைவிடப் பெரிய வில்லன் பாவாடை. பெல்லட்டின் பின்பக்க மெல்லிய விளிம்பைத்தான் சொல்கிறேன். ஒரு ஆன்லைன் கடை டப்பாவை வெறும் காகித உறையில் போட்டு அனுப்பியது. திறந்தால் பாதிக்கு மேல் நெளிசல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டம் முட்டை வடிவமாகத் தெரியும். அவற்றைச் சுட்டதில்தான் இரண்டு மூன்று குண்டுகள் கூட்டத்தை விட்டு ஓடின. அப்புறம் நம் கடற்கரைக் காற்று. டப்பாவைத் திறந்து வைத்தால் ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும். சின்னச் சின்னதாக வாங்கி இறுக மூடி வையுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கணக்கையும் பார்க்கலாம். பத்து மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். ஆனால் 4.5 மில்லிமீட்டர் ஓட்டையின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து. அதாவது நடுப்புள்ளி 2.5 மில்லிமீட்டர் வரை தள்ளிப் போகலாம். அதையே தசமத்தில் (10.1, 10.2 என்று) எண்ணும்போது ஒவ்வொரு 0.1க்கும் 0.25 மில்லிமீட்டர்தான் இடம். 50 மீட்டர் .22இல் அந்த இடம் 0.8 மில்லிமீட்டர். அதனால்தான் தசமத்தில் போட்டியிடும் பெல்லட்காரருக்குத் தலை அளவுச் சோதனை அவசியம் என்கிறேன். முழு எண்ணில் பழகும் புதியவர் நெளிந்ததைக் கழித்தாலே போதும். எடை போடுவது இருவருக்குமே நேர விரயம். அந்த மூன்று நாளில் ட்ரிகர் பழகியிருந்தால் கூடுதலாக இரண்டு புள்ளி வந்திருக்கும்.

அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "எடை போடாம எப்படிடா தூக்கம் வரும்?" என்றார். ஊருக்குக் கிளம்பிய அன்று தராசைத் தேடினேன். ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு நடுவில், துண்டில் சுற்றி அவர் பெட்டியில் இருந்தது.