வெளிநாட்டுச் சந்தைக்கு எது உதவும்: ஜி.ஆர்.ஐ-யா, ஐ.எஸ்.எஸ்.பி-யா?

வளரும் நாட்டு நிறுவனம் வெளியே கால் வைக்கும்போது அங்கே அதன் பெயர் யாருக்கும் தெரியாது. நம்பிக்கைக்கு ஒரு வழி நிலைத்தன்மை அறிக்கை, அதாவது சூழல், சமூகம் சார்ந்த தன் நடப்பை நிறுவனமே வெளியிடும் அறிக்கை. சரி, எந்த முறையில் எழுதுவது? இங்கே ஒப்பிடுவது இரண்டு உலகளாவிய அமைப்புகளின் தரநிலைகளை: ஜி.ஆர்.ஐ (Global Reporting Initiative), ஐ.எஸ்.எஸ்.பி (International Sustainability Standards Board).

யாருக்கு: ஜி.ஆர்.ஐ, நிறுவனத்தால் மக்களுக்கும் சூழலுக்கும் என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் சொல்கிறது. ஐ.எஸ்.எஸ்.பி முதலீட்டாளருக்கானது, சூழல் ஆபத்து பணவரவை எப்படிப் பாதிக்கும் என்பதுதான் அதன் கேள்வி.

பழக்கம்: ஜி.ஆர்.ஐ 1997-இல் தொடங்கிய அமைப்பு, வாங்குபவர்களுக்குப் பரிச்சயம். ஐ.எஸ்.எஸ்.பி-யின் எஸ்1 (பொதுவான நிலைத்தன்மைத் தகவல்), எஸ்2 (காலநிலை) தரநிலைகள் 2023 ஜூனில்தான் வந்தன.

எளிமை: ஜி.ஆர்.ஐ-யில் சில தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம். எஸ்2 ஸ்கோப் 3 உமிழ்வையும் கேட்கும், அதாவது நிறுவனத்துக்கு வெளியே, சப்ளையர் முதல் வாடிக்கையாளர் வரை வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களின் கணக்கு. சிறு சப்ளையர்களிடம் கணக்கே இல்லாத இடத்தில் இது பெரிய தலைவலி. இந்த ஸ்கோப் 3 கணக்குக்கு முதல் வருடம் மட்டும் விலக்கு உண்டு.

செலவு இரண்டிலும் தரவு திரட்டுவதில்தான், அப்புறம் வெளித்தணிக்கை.

பொருள் விற்கவோ ஆலை போடவோ போகிறீர்கள் என்றால் ஜி.ஆர்.ஐ. வெளிநாட்டில் பங்கு பட்டியலிடவோ பெரிய கடன் திரட்டவோ என்றால் ஐ.எஸ்.எஸ்.பி, ஆனால் போகிற நாட்டின் சட்டம் வேறு கேட்டால் அதுதான் முதலில்.