பாளையங்கோட்டை பல் கிளினிக்: மாத்திரை மட்டும் கேட்டுப் போனால் கிடைக்காது

ஈறில் ரத்தம் வருது, ரெண்டு அமாக்ஸிசிலின் (கிருமியைக் கொல்லும் மாத்திரை) எழுதிக் கொடுங்க என்று போகிறவர்களுக்கு, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கும் இந்த கிளினிக் சரிப்படாது. பல்லில் படலமாக ஒட்டியிருக்கும் கிருமிக்குள் மருந்து சரியாக இறங்காது, முதலில் பல்லில் இறுகிப் படிந்த காரையை எடுக்கணும் என்று டாக்டரம்மா ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டார் (மரத்துப்போக ஊசி உண்டு, பயப்படாதீங்க). ஈறு நோயில் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பது கிருமி மட்டுமில்லை, அதை எதிர்க்கிற நம்ம வெள்ளணுக்கள் விடும் என்சைம்களும்தான் என்று அவர் சொன்னது எனக்குப் புதுசு. டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வெறும் 20 மில்லிகிராம் கொடுப்பதுகூட அந்த என்சைமை அடக்கத்தானாம். அந்த அளவில் கிருமி சாகாது. சர்க்கரை இருக்கா என்றும் விசாரித்தார், நல்ல விஷயம். கட்டணம் கொஞ்சம் கூடுதல். காத்திருக்கும் இடத்தில் ஃபேன் ஓடும், காற்றுதான் வராது.