ஃப்ரீகோட்கேம்ப், ஓடின், சிஎஸ்50, என்பிடெல்: கோடிங் கற்க எதில் உட்காருவது?

என் தங்கை மகன் கரூரில் பி.எஸ்சி கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், "மாமா, காசு கட்டி ஒரு வீடியோ கோர்ஸ் எடுத்தேன், 87 பர்சன்ட் முடிச்சிட்டேன்" என்றான். சந்தோஷமாக இருந்தது. ஒரு காலி ஃபைலைத் திறந்து கொடுத்து, பத்து எண்களில் எது பெரியது என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுதச் சொன்னேன். கால் மணி நேரம் கர்சர் மட்டும்தான் மின்னிக்கொண்டிருந்தது. அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. தினமும் ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து படித்த பையன் அவன். எத்தனை வீடியோ ஓடி முடிந்தது என்றுதான் அந்த 87 சொன்னது. எவ்வளவு எழுத வரும் என்பதை யாரும் அளக்கவே இல்லை.

அதனால் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் நான்கு இடங்களை ஒரே கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நாம் முன்னேறிவிட்டோம் என்று ஒவ்வொன்றும் எதை வைத்துச் சொல்கிறது?

ஃப்ரீகோட்கேம்ப்

குவின்சி லார்சன் 2014இல் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசர் போதும். வெப் பக்கத்தில் ஒரு தலைப்பு டேக் (குறியீடு) போடு, அடுத்து ஒரு பத்தி சேர் என்று கையைப் பிடித்து நடத்தும். தப்பினால் குறிப்பு வரும். கம்ப்யூட்டர் என்றாலே பயப்படுகிறவருக்கு முதல் இரண்டு வாரம் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சிக்கலும் அங்கேதான். ஒவ்வொரு படியும் அவ்வளவு சின்னது என்பதால், முழுப் பக்கத்தையும் நாமே யோசித்துக் கட்டிய அனுபவம் கிடைப்பதில்லை. இது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் படிப்படியான வொர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே, தேவைகளை மட்டும் சொல்லிவிட்டு நம்மைத் தனியே விடும் லேப்புகளை வைத்திருக்கிறார்கள். இங்கே படிப்பவர்கள் லேப்புகளையும் சான்றிதழுக்கான புராஜெக்ட்டுகளையும் மட்டும் முன்னேற்றமாக எண்ணுங்கள். வொர்க்‌ஷாப்பில் விழும் டிக்குகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஓடின் புராஜெக்ட்

இது நேர் எதிர். 2013இல் தொடங்கியது, ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்துத் திருத்தம் தரலாம்). கொஞ்சம் விளக்கிவிட்டு, இந்தக் கட்டுரையைப் படி, அந்த ஆவணத்தைப் பார் என்று வெளியே அனுப்பும். திரும்பி வந்ததும் ஒன்றைக் கட்டச் சொல்லும். அடிப்படைப் பகுதியிலேயே கல்-காகிதம்-கத்தரி விளையாட்டும் ஒரு கால்குலேட்டரும் வந்துவிடும். எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் எடிட்டரில் எழுதி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி வழியாக, கோடிங்கைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்ற வேண்டும். சான்றிதழ் கிடையாது. பாடம் முடிந்தது என்று டிக் போடுவதும் நாமேதான். ஆனால் கிட்ஹப்பில் கிடக்கும் அந்தக் கால்குலேட்டர் எந்த டிக்கையும்விட வலுவான சாட்சி.

ஒரு முன்னெச்சரிக்கை: வெறும் விண்டோஸை அவர்கள் ஏற்பதில்லை. லினக்ஸ், மேக், அல்லது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் வேண்டும். இதைப் பார்த்தே பலர் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸின் எடை குறைந்த வகை ஒன்றைப் போட்டால் விண்டோஸைவிட நன்றாகவே ஓடும். தமிழக அரசு முன்பு கொடுத்த லேப்டாப்புகளில் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம்.

சிஎஸ்50

ஹார்வர்டில் டேவிட் மலன் நடத்தும் பாடம். 0 முதல் 10 வரை வாரங்கள். கட்டைகளை இழுத்து ஒட்டிப் புரோகிராம் செய்யும் ஸ்கிராட்சில் தொடங்கி, முதல் வாரத்திலிருந்து சி மொழி, ஆறாம் வாரத்தில் பைத்தான் மொழி. விரிவுரைகள் நீளம், ஆங்கிலம் வேகம். சப்டைட்டிலோடு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இதன் உயிர் வாராந்திரக் கணக்குகளில் இருக்கிறது.

எழுதி முடித்து செக்50 என்ற கட்டளையைக் கொடுத்தால், சோதனைக்கு ஒரு வரியாக விடை வரும். சரியானால் பச்சையில் சிரித்த முகம், தப்பானால் சிவப்பில் வாடிய முகம். முந்தைய சோதனை விழுந்ததால் பார்க்கவே முடியாதவை மஞ்சளில். வீடியோ பார்த்தோமா இல்லையா என்று அது கேட்பதே இல்லை.

முதல் வாரத்தில் கிரெடிட் கார்டு எண் செல்லுமா என்று பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. கடைசிக்கு முந்தைய இலக்கத்தில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். வரும் விடைகளின் இலக்கங்களைக் கூட்டி, மீதி இலக்கங்களையும் சேர்த்தால் மொத்தம் 0இல் முடிய வேண்டும். 4003600000000014 என்ற எண்ணுக்கு 20 வரும், செல்லும். மருமகனுக்கு 29 வந்தது. இரண்டு சாயங்காலம் அதிலேயே கிடந்தான். 6ஐ இரட்டித்தால் 12, அதை 1, 2 என்று பிரித்துக் கூட்டாமல் 12ஆகவே கூட்டியிருக்கிறான். போனில், "மாமா, ஒன்பது அதிகமா வருது, ஒன்பது எங்கேர்ந்து வருதுன்னு தாளில் போட்டுப் பார்த்தேன்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பாடத்தை நான் யாருக்கும் சொல்வேன். பிழையை எண்ணாகப் பிடித்துத் தாளில் துரத்தக் கற்றுக்கொண்டான்.

உதவிக்கு ஏஐ வாத்து (வாத்து வடிவில் வரும் சாட்பாட்) ஒன்று இருக்கிறது. விடையைத் தூக்கிக் கொடுக்காமல் திருப்பிக் கேள்வி கேட்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். சான்றிதழும் ஹார்வர்டின் தளம் வழியாக இலவசம்தான். ஒவ்வொரு கணக்கிலும் 70 சதவீதம் எடுத்து, கடைசியில் சொந்தமாக ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும்.

என்பிடெல்

நான் 34 வயதில், கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டே பைத்தான் படித்தது இங்கேதான். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் நிதானமானது, தெளிவானது. மற்ற மூன்றிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு: வாராவாரம் கெடு. புதன் இரவு போர்ட்டல் மூடிவிடும் என்ற பயம்தான் என்னைப் படிக்க வைத்தது. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து 11:40க்கு சப்மிட் செய்த இரவுகள் நிறைய.

புரோகிராம் வீட்டுப்பாடத்தில் சில சோதனைகள் கண்ணுக்குத் தெரியும், சில மறைந்திருக்கும். தெரிந்தவை மட்டும் தேறினால் போதும் என்று எழுதியவர் கெடு முடிந்ததும் மாட்டிக்கொள்வார். நல்ல ஏற்பாடு. ஆனால் பெரும்பாலான பாடங்களில் மதிப்பெண்ணில் 75 பங்கு, விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே அதிகமுள்ள, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு, 25 பங்குதான் வீட்டுப்பாடத்துக்கு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 வீட்டுப்பாடங்களை எடுத்துக்கொள்வார்கள். எனவே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவரும் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வரலாம். கல்லூரியில் கிரெடிட்டாகச் சேர்க்க வேண்டுமானால் மறு யோசனை இல்லாமல் இதை எடுங்கள்.

தமிழில் கேட்டால்தான் முதலில் புரியும் என்பவர்களுக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் தமிழ் ஒலியோடு கிடைக்கிறது. கணியம் எளிய தமிழில் இலவச மின்னூல்கள் தருகிறது. இந்த இரண்டையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் நம்மைச் சோதித்து மதிப்பிடும் வேலையை மேலே உள்ளவற்றில் ஒன்றிடம் விடுங்கள்.

எதில் குறித்துவைப்பது?

விடாமல் படித்த தொடர் நாட்களின் எண்ணிக்கை, கிட்ஹப்பில் ஏதாவது ஏற்றிய நாளுக்கு விழும் பச்சைக் கட்டங்கள், சாதாரண நோட்டு: மூன்றையும் பயன்படுத்தியிருக்கிறேன். தொடர் நாட்கள் பழக்கம் பிடிக்கும்வரை உதவும். ஒருநாள் காய்ச்சலில் அறுந்தால் ஒட்டுமொத்தமாக விட்டுவிடத் தோன்றும். பச்சைக் கட்டம் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் விழும். அதற்காக அதை ஒதுக்க வேண்டாம். மூன்று மாதம் முன்பு எழுதிய புரோகிராமை அப்படியே திறந்து பார்க்க முடிவது பெரிய விஷயம்.

நான் நம்புவது நோட்டை. தேதி, பார்க்காமல் எழுதியது என்ன, எங்கே மாட்டினேன் என்று மூன்று நெடுவரிசை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வாரம் முன்பு முடித்த கணக்கு ஒன்றைக் காலி ஃபைலில் மறுபடி எழுதிப் பார்ப்பது. வந்தால் அதன் மேல் வட்டம் போடலாம். வராவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது.

மருமகனுக்கு நான் சொன்ன வரிசை: இரண்டு வாரம் ஃப்ரீகோட்கேம்ப், பிறகு சிஎஸ்50 முழுதாக, வெப் வேலைக்குப் போவதென்றால் ஓடின். நான்கையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்கக் கூடாது என்று சத்தியமே வாங்கிக்கொண்டேன். இப்போது சிஎஸ்50இன் ஐந்தாம் வாரத்தில், அகராதியை ஹாஷ் டேபிளாக (சட்டென்று தேடும்படி அடுக்கும் முறை) நினைவகத்தில் ஏற்றும் கணக்கில் இருக்கிறான். போன வாரம் நோட்டைப் படமெடுத்து அனுப்பினான். இருபத்து மூன்று வரி, ஒன்பது வட்டம். கடைசி வரியில், "ஹாஷ் டேபிள், பார்க்காமல் வரவில்லை, ஞாயிறு மறுபடி" என்று இருந்தது.