சைட் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ்: அரை நாளை 1/2 என்று போடாதீங்க

கட்டட வேலைக்கென்றே மாதச் சந்தா கேட்கும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வீடு கட்டும் காண்ட்ராக்டருக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. செல்போனில் கட்டம் கட்டமாகக் கணக்கு போடும் கூகுள் ஷீட்ஸ் ஆப் போதும், காசும் இல்லை. எண்ணை எப்படித் தட்டுகிறோம் என்பதில்தான் வம்பு.

ஆள் கணக்கில் கொத்தனார், பெரியாள், சித்தாள் பெயருக்கு நேரே முழு நாளுக்கு 1 போடுகிறோம். அரை நாளுக்கு நோட்டில் எழுதிய பழக்கத்தில் 1/2 என்று தட்டினால், ஷீட்ஸ் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தேதிக்கும் உள்ளே ஒரு எண் உண்டு. 2026ஆம் ஆண்டுத் தேதி என்றால் 46 ஆயிரத்துச் சொச்சம். சனிக்கிழமை சம்பளம் கூட்டும்போது சித்தாள் 46 ஆயிரம் நாள் வேலை செய்ததாக வந்து நிற்கும். 0.5 என்றே போடுங்க.

இதாவது பார்த்ததும் தெரிந்துவிடும். லோடு அளவில் வரும் தப்பு தெரியாது. எம்-சாண்ட் டிப்பரில் டேப் பிடித்தால் நீளம் 14 அடி, அகலம் 7 அடி 6 இஞ்ச், உயரம் 3 அடி 10 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தைச் சரியாக 7.5 என்று போட்டுவிட்டு உயரத்தை 3.10 என்று அடித்தால், ஷீட்ஸுக்கு அது 3.1 அடிதான். வரவேண்டியது 402.5 கன அடி, காட்டுவது 325.5. 100 கன அடி ஒரு யூனிட். முக்கால் யூனிட் குறைகிறதென்று லாரிக்காரரோடு வீண் சண்டை. அடிக்கு ஒரு கட்டம், இஞ்சுக்கு ஒரு கட்டம் விட்டு, இஞ்சை 12ஆல் வகுத்து அடியோடு கூட்டும்படி ஃபார்முலா போட்டுவிட்டால் மேஸ்திரி சொன்னதை அப்படியே அடிக்கலாம்.

கம்பிக்கும் ஒரு கட்டம் போதும். விட்டத்தை எம்எம்மில் எடுத்து அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.67 கிலோ. வந்த கம்பி மொத்தத்துக்கும் இப்படிக் கூட்டி எடைமேடைச் சீட்டோடு ஒத்துப் பாருங்க. மொத்த லோடில் இரண்டு கிலோ அப்படி இப்படி இருப்பதற்கெல்லாம் கடைக்காரரைப் பிடிக்க வேண்டாம்.

வால்பாறை மாதிரி சிக்னல் விட்டு விட்டு வரும் இடமென்றால், கிளம்புமுன்பே அந்த ஃபைலை ஆஃப்லைனுக்கு மாற்றி வையுங்க. பேசி டைப் செய்வது ஆடிக்காற்றில் பல்லடம் பக்கம் எடுபடாது, போன் பாதி வார்த்தையை விட்டுவிடும். சிமெண்ட் தேய்த்த விரலுக்கு ஃபிங்கர் லாக்கும் திறக்காது. மேஸ்திரி போனில் பின் நம்பர் வைத்துக் கொடுங்க.