23 தையல் போடும் மிஷின், நான் தொடுவது மூன்றுதான்

முதலில் ஒரு சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரின் சாம்பல் நிறப் பருத்திச் சட்டை. உடம்பெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, காலர் மட்டும் மடிப்பில் தேய்ந்து, உள்ளே வைத்திருக்கும் கேன்வாஸ் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை. காலரையும் கழுத்துப்பட்டியையும் சேர்க்கும் தையலை மட்டும் பிரித்தேன். காலர் தனியாகக் கையோடு வந்தது. தேய்ந்த இடத்தின் மேல் நெருக்கமாக ஜிக்ஜாக் ஓட்டிவிட்டு, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, பழையபடி பட்டிக்குள் செருகித் தைத்தேன். சட்டைக் காலரின் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே துணி என்பதால் வித்தியாசமே தெரியாது. கழுத்தில் உரசும் பக்கம் இப்போது கன்னிப் பக்கம். மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் பிரிக்கவே போயிற்று.

அந்த வேலையைச் செய்துகொடுத்தது ஒன்றரை வருடத்துக்கு முன் வாங்கிய சின்ன மின்சாரத் தையல் மிஷின். பெட்டியின் மேல் 23 வகைத் தையல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை நிறைய சொல்லப்போகிறேன், அதோடு இந்த ரகத்தில் வரும் மிஷின்கள் எல்லாம் உள்ளுக்குள் ஏறக்குறைய அண்ணன் தம்பிதான். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: நான் புதுத்துணி வெட்டித் தைப்பதில்லை. கிழிந்தது, லூசானது, குட்டையானது, பிடிக்காமல் போனது, இவைதான் என் மேஜைக்கு வரும். எனவே இது பழைய துணிக்காரியின் மதிப்பீடு. கல்யாணத்துக்கு உடுப்புத் தைக்கிறவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு தலையணை உறையின் ஓரம் பிரிந்திருந்தது, நேராக ஒரு சாண் தைத்தால் போதும். மேல் பக்கம் தையல் முத்து முத்தாக விழுந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் தேங்காய் நார் மாதிரி ஒரே சிக்கு. அடி நூல் சுற்றிய பாபினைக் கழற்றி மாட்டினேன். சரியாகவில்லை. பாபின் கேஸில் இருக்கும் குட்டித் திருகைத் திருகினேன். அது பெரிய தப்பு, பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. கடைசியில் பார்த்தால் குற்றம் பாபினிடம் இல்லவே இல்லை. மேல் நூல் கோக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டைக் கீழே இறக்கி வைத்திருந்திருக்கிறேன். ஃபுட்டைத் தூக்கினால்தான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி அதை உள்ளே வாங்கும். இறக்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொண்டிருக்கும், நூல் மேலோடு நழுவிப் போய்விடும். பிடிமானம் இல்லாத மேல் நூல்தான் அடியில் போய்க் குவிகிறது. கீழே சிக்கு விழுந்தால் மேலே கோத்ததைப் பார்க்க வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்தைக் கையேட்டின் கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் போட்டிருந்தால் என்ன குறைந்துபோகும்?

அப்புறம் பிடித்துப்போனது. பிடிக்கவைத்தது அந்த 23ம் இல்லை, மிஷினின் முன்பலகை கழன்றுவருவதுதான். கழற்றினால் ஊசிக்குக் கீழே முழங்கை தடிமனுக்கு ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சட்டைக் கையையோ பேன்ட் காலையோ வளையல் மாதிரி அதில் மாட்டிச் சுற்றிக்கொண்டே தைக்கலாம். அம்மாவின் கால்மிதி மிஷினில் பலகை மேஜையோடு மேஜையாக இருக்கும். சட்டைக் கையின் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டுமென்றால் உள்பக்கமாக விட்டு, அடித்துணியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளாமல் விரலால் தள்ளித் தள்ளித் தைக்க வேண்டும். பழுது பார்க்கும் துணி எல்லாமே ஏற்கெனவே குழாயாகத் தைத்து முடித்த துணி. அதனால் இந்த நீட்டிய கை இல்லாத மிஷினைப் பழைய துணிக்காக யாரும் வாங்க வேண்டாம்.

சரி, அந்த மூன்று தையல். நேர்த்தையல், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜிக்ஜாக், பிசிறு நிற்க. மூன்றாவதுதான் என் செல்லம். ஒவ்வொரு சாய்வையும் ஒரே எட்டில் தாண்டாமல் மூன்று சின்னக் குத்தாகப் போகும் ஜிக்ஜாக். டயலில் உடைந்த மின்னல் மாதிரி படம் போட்டிருக்கும். துணி சுருங்காது, எலாஸ்டிக்கோடு சேர்ந்து நீளும். துண்டில் கத்தி பட்டுக் கிழிந்த இடமா, அடியில் ஒரு ஒட்டுத்துணி வைத்து, கிழிசலின் இரண்டு உதடுகளையும் சேர்த்துப் பிடித்து, இதை ஒரு தடவை மேலும் ஒரு தடவை கீழும் ஓட்டினால் முடிந்தது. பைஜாமா இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்துபோனதா, அதற்கும் இதுதான். மீதி இருபதில் வாத்து, இலை, அலை, இதயம் எல்லாம் உண்டு. மகள் ஒரு மழைநாளில் எல்லாவற்றையும் ஒரு துண்டுத்துணியில் வரிசையாகத் தைத்துப் பார்த்தாள். அதோடு அவை ஓய்வெடுத்துக்கொண்டன.

ஜீன்ஸ்தான் இந்த மிஷினுக்கு எமன். முட்டி கிழிந்த ஜீன்ஸுக்கு ஒட்டுப் போட நீட்டிய கையும் உதவாது, கால் குழாய் அவ்வளவு ஒல்லி, முட்டி அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. காலைப் பிரித்து விரித்தால்தான் வேலை நடக்கும். உள்பக்கத் தையல் பெரும்பாலும் இரண்டு மடிப்பு ஒன்றுக்குள் ஒன்று கோத்து இரட்டை வரியாகப் போட்டது, அதைத் தொடவே கூடாது. வெளிப்பக்கத் தையல் சாதாரண ஒற்றைத் தையலும், ஓரம் பிசிறாமல் சுற்றிக் கட்டும் ஓவர்லாக்கும்தான். அதைத் தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை பிரித்துவிட்டால் முட்டி மேஜையில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். ஒட்டுப் போட்டு, மறுபடி மூடிவிடலாம். இதுவரை மிஷின் முனகாமல் செய்தது.

நீளம் குறைக்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்பக்கத் தையல் இருக்கும் இடத்தில் துணி நான்கு அடுக்கு. ஓரத்தை இரண்டு தடவை மடித்தால் அது மூன்று மடங்கு, ஆக அந்த ஒரு விரற்கடை இடத்தில் பன்னிரண்டு அடுக்கு டெனிம். பிரஸ்ஸர் ஃபுட் மேட்டில் ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்க்கிறது, துணியை நகர்த்தும் பற்கள் பிடியை விட்டுவிடுகின்றன, ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி டக்கென்று முறிகிறது. முதல் ஜீன்ஸில் இரண்டு ஊசி போயிற்று. ஒரு முனை கண்ணாடியில் பட்டுத் தெறித்தது, கண்ணாடி போட்டிருந்தது என் அதிர்ஷ்டம். இப்போது செய்வது இப்படி: மேட்டைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித் தட்டையாக்குகிறேன். ஊசி 100/16, ஜீன்ஸுக்கென்றே வருவது. (100 என்பது ஊசித்தண்டு ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்று அர்த்தம், சட்டைத் துணிக்குப் போடும் 80/12 அதில் ஐந்தில் நான்கு பங்கு.) மேட்டை நெருங்கியதும் அதே ஜீன்ஸில் வெட்டிய துண்டை மடித்து ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் ஃபுட் மட்டமாக நிற்கும். அந்தப் பத்துக் குத்துக்குப் பெடலைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் என் பக்கமாகச் சுற்றுகிறேன். தாண்டிவிடுகிறது. ஆனால் வாரம் மூன்று ஜீன்ஸ் வெட்டுகிற வீட்டுக்கு இந்த மிஷின் ஆகாது.

டிஷர்ட் அதற்கு நேர் எதிர்த் தொல்லை. சாதாரண ஊசி பின்னல் துணியில் இறங்கினால் தையலைத் தாவிவிடும், நாலைந்து குத்துக்கு ஒன்று காணாமல் போகும். பின்னல் துணிக்கு நுனி மழுங்கிய ஊசி என்று தனியாக இருக்கிறது, அது இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும். பெட்டியோடு வந்த ஊசிகளில் அது இல்லை. ஊசி மாற்றியதும் தாவல் நின்றது, ஓரம் கீரைத்தண்டு மாதிரி சுருண்டு அலையடிப்பது நிற்கவில்லை. ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க இந்த மிஷினில் வழியே இல்லை. மெல்லிய காகிதத்தை ஒரு பட்டையாகக் கிழித்து அடியில் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு காகிதத்தைப் பிய்த்தெடுக்கிறேன். அலை பாதியாகக் குறைகிறது. மகனின் இரண்டு டிஷர்ட்டை வெட்டி ஒன்றாக்கியது அப்படித்தான், உடம்பு ஒன்று, கை இன்னொன்று. அவன் கேட்டது ஒரே கேள்வி, "இதே மாதிரி இன்னொண்ணு தைப்பியாம்மா?" அதற்காகவே நல்லா இருக்கிற டிஷர்ட்டில் இங்க் கொட்டிக்கொண்டு வந்தானோ என்று இன்னும் சந்தேகம்.

காஜா எடுப்பது நான்கு படி. ஒவ்வொரு படிக்கும் டயலைத் திருப்ப வேண்டும். பழைய சட்டையைப் பைக்கு உறையாக மாற்றும்போது ஐந்து காஜா எடுத்தேன், ஐந்தும் ஐந்து அளவு. அதிலிருந்து ஒரு குறுக்கு வழி பிடித்துக்கொண்டேன்: பழைய சட்டையின் பட்டன் பட்டியை அப்படியே வெட்டி எடுத்து, தலையணை உறையின் வாயாக வைத்துவிடுவது. காஜாவும் பட்டனும் யாரோ ஒழுங்காகப் போட்டு முடித்தவை. நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

பெடலைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. இதற்கு இரண்டே வேகம்தான் தெரியும், நிற்பது, பறப்பது. கிழிசல் ஓரத்தில் ஒரு நூலிழை விட்டுத் தைக்க வேண்டிய நேரத்தில் குதிரை மாதிரி பாய்கிறது. "எங்க மிஷின்ல தப்பா மிதிச்சா சக்கரம் பின்னால சுத்தி நூல் அறுந்திடும், அதுக்குப் பயந்தே அடக்கமா தைப்போம். இது என்னடி, கால் வச்சாலே ஓடுது?" என்று அம்மா முதல் நாளே கேட்டாள். பத்தாவது மாதம் பெடல் சுத்தமாக நின்றுபோயிற்று. சர்வீஸ் ஆட்களிடம் கொண்டுபோனால், பெடலைத் திறந்துகூடப் பார்க்காமல் மிஷினையே மாற்றுங்கள் என்றார்கள். ஒரு சுவிட்ச் பழுதுக்கு முழு மிஷினா? நான் போவதே கிழிந்ததைத் தைக்க, என்னிடமே இப்படிச் சொன்னால் எப்படி. பொருந்துகிற பெடலை வேறிடத்தில் தனியாக வாங்கினேன். மாட்டினேன். ஓடுகிறது, பழைய பெடலைவிடக் கொஞ்சம் நிதானமாகவே. விளக்கும் ஊசிக்கு இடப்பக்கமே விழுகிறது, கறுப்பு நூலால் கறுப்புத் துணியில் தைப்பவர்கள் ஒரு மேஜை விளக்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு புகார் பெட்டியோடு வந்த, தையல் பிரிக்கும் சின்னக் கருவியான சீம் ரிப்பர் மேல். மழுங்கட்டை. பழைய துணி வேலையில் பாதிக்கு மேல் பிரிப்பதுதான், ஆகவே மிஷினைவிட இதற்கு நல்லதாகப் பார்த்து வாங்குவேன் என்று இப்போது தோன்றுகிறது. நுனியில் கண் வைத்த ஊசியும் அடியில் இன்னொரு நூலும் சேர்ந்து போடும் பூட்டுத் தையலுக்கு எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1846ல். அம்மாவின் மிஷினும் என் மிஷினும் இன்றுவரை அதையேதான் போடுகின்றன. பிரிக்கிறவர்களுக்கு அதில் ஒரு சலுகை இருக்கிறது: ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று நான்கு தையலுக்கு ஒன்று என்று வெட்டிக்கொண்டே போய், துணியைத் திருப்பி மறுபக்க நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் முழு நூலும் பாம்பு மாதிரி உருவிக்கொண்டு வரும். துணியில் கத்தி படாது. ரிப்பரின் ஒரு முனையில் இருக்கும் சிவப்பு உருண்டை அழகுக்கு வைத்தது என்று பல வருடம் நினைத்திருந்தேன். தையல் ஓட்டத்தோடு நேராக வெட்டிக்கொண்டு போகும்போது அந்த உருண்டையைத் துணிப்பக்கம் வைக்க வேண்டுமாம், கூர் முனை துணியில் ஏறாமல் அது காக்கும்.

பழைய துணி பஞ்சு உதிர்க்கும், அதுவும் துவைத்துத் துவைத்து மெலிந்தது நிறையவே உதிர்க்கும். மூன்று நான்கு துணிக்கு ஒரு தடவை பாபின் கேஸைக் கழற்றிப் பிரஷ்ஷால் துடைக்காவிட்டால் சத்தம் மாறும். இது குறை என்று சொல்ல மாட்டேன், என் வேலை அப்படி.

யார் வாங்கலாம் என்று கேட்டால், வீட்டில் மூலையில் கிழிசல் மூட்டை ஒன்று இருப்பவர்கள், நேர்த்தையல் ஓரளவு வருகிறவர்கள் வாங்கலாம். 23 வேண்டாம், நீட்டிய கையும் மூன்று குத்து ஜிக்ஜாக்கும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், முடிந்தால் கடையிலேயே பெடலை மெதுவாக மிதித்துப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே கால்மிதி மிஷின் நன்றாக ஓடுகிறது, ஜீன்ஸும் திரைச்சீலையும்தான் அதிகம் என்றால் அதிலேயே இருங்கள், கனத்துக்கு அதுதான் தாங்கும்.

பொம்மை மிஷின் என்று சொன்ன அம்மா போன வாரம் நான் இல்லாத நேரத்தில் அதன் முன் உட்கார்ந்திருந்தாள். பிசிறு விட்ட துண்டின் ஓரத்துக்கு ஜிக்ஜாக். பெடலைக் காலால் தள்ளி மேஜைக்கு அடியில் ஒதுக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, துண்டின் மூன்று பக்கம் முடித்திருந்தாள்.